இரும்பா, ஃபைபர்கிளாஸா

ரோவில்
ஆகஸ்ட் 1998

என் அன்புக்குரியவளுக்கு,

நீர் சிட்னிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனபின் கராஜைத் திறந்தேன். மகன் பழைய மாடலில் தானே கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட ஹொட் ரொட் கார் அப்படியே நிற்கிறது. எஞ்சினும் சக்கரங்களும் பூட்டியாயிற்று, மேல்கூடுதான் வாங்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தனபாலன் வந்து பார்த்தார். "அண்ணை, இரும்பையே எடுங்கோ. பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள ஆர் ஏறுவினம்?" என்றார். மகனுக்கும் இரும்பில்தான் ஆசை, உமக்குத் தெரியும். ஆனால் நான் ஃபைபர்கிளாஸுக்குச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். துருப்பிடிக்காது என்றேன்.

இந்தக் கார் ஓடத் தொடங்கும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்ல வேண்டாம். அவனுடைய முதல் காருக்கு நீர் வைத்த நாலும் சரியாகத்தான் நசிந்தன.

குளிருக்குக் கம்பளி போடும், வேளைக்குச் சாப்பிடும்.

தனபாலனுக்குச் சொன்னது பொய். அன்று எங்கள் தெருச் சந்தியில், காரை வெட்டுகிற மெஷின் வரும்வரை அவனுடைய காரின் நசிந்த கதவை இழுத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஃபைபர்கிளாஸ் என்றால் கையாலேயே உடைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா