ஆரப்பாளையத்தில் எங்களுக்கு வீடு இல்லை

அனுப்புநர்:
த. ஒச்சாயி,
க/பெ. தங்கப்பாண்டி,
கீழத்தெரு, நாச்சிமடைப்பட்டி,
சோழவந்தான் வழி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வாடிப்பட்டி வட்டம்.

பொருள்: திரைப்படத்தில் இரண்டு குடும்பம் வைத்திருப்பவராக நடித்த என் கணவருக்கு நிஜத்தில் ஒரே குடும்பம்தான் என்று அரசு முத்திரையுடன் எழுத்து மூலம் பெறுதல் – மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோனது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே கைப்பட எழுதியிருக்கிறேன். மனு எழுதித் தருகிற ஒருவரிடம்தான் முதலில் போனேன். கணவர் பெயரைக் கேட்டார், சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். எனவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் தங்கப்பாண்டி வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி. முந்தின வருடம் எங்கள் கொடிக்காலில் படம் எடுக்க ஒரு குழுவினர் வந்தார்கள். டைரக்டர் பவதாரிணி என்ற சின்ன வயதுப் பெண். வெற்றிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த இவரைப் பார்த்தவுடன், "பாத்தா யாருமே சந்தேகப்படாத மூஞ்சி இதுதாண்ணே" என்று சொல்லி, கதாநாயகனாகவே நடிக்க வைத்துவிட்டது. நானும் சம்மதித்தேன். அந்த முகத்தை நம்பித்தான் நானும் கழுத்தை நீட்டினேன் என்பதால் டைரக்டரைக் குறை சொல்வதற்கில்லை.

2. படத்தின் பெயர் "அஞ்சு நிமிசத்துல வாரேன்". மனைவியிடம், "ஆரப்பாளையம் வரைக்கும் போறேன், அஞ்சு நிமிசத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன், அங்கே இன்னொரு குடும்பம் நடத்துகிறான். சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் மதுரை ஆரப்பாளையம் போகவே முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை ஐயா அறிவீர்கள். எந்தப் பெண்டாட்டியும் நம்பமாட்டாள், படத்தில் நம்புகிறாள். அவனுக்கு ஒரு சாபமும் உண்டு. பொய் சொல்ல வாயெடுத்தால் பேச்சு வராது, பாட்டுத்தான் வரும். உடனே வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து மேளக்காரர்கள் கிளம்புவார்கள். பீரோவைத் திறந்தால் உள்ளே நாதஸ்வரக்காரர் நிற்பார். கடைசியில் இரண்டு பெண்களும் கூட்டுச் சேர்ந்து, அவனைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே ஆடிப் பாடுகிறார்கள்.

3. ஊரோடு வேன் பிடித்துப் போய்ப் படம் பார்த்தோம். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரே ஒரு காட்சியில் மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஆரப்பாளையத்துப் பெண்ணின் தலையில் இவர் மல்லிகைப்பூ வைத்துவிடுகிறார். கொண்டை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, அத்தனை பக்குவமாக. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருடம் ஆகிறது. இவருக்குப் பூ வைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இது குறித்து வீட்டில் விசாரணை நடந்து முடிந்துவிட்டது. தங்கள் நடவடிக்கை தேவையில்லை.

4. படம் ஓடியதும் எங்கள் ஊருக்கு வெளியாட்கள் வரத்து அதிகமாகிவிட்டது. செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வந்து, தங்கப்பாண்டி எங்கே என்று கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் இளைத்தவர்கள் இல்லை. யார் கேட்டாலும் படத்தில் வருகிற மாதிரியே பதில் சொல்வதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டார்கள். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டிலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

5. என் மகள் அஸ்வினி மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். திருமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் சிவபாண்டி என்ற பையனும் இவளும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசி, மாசிக் கடைசியில் நிச்சயம் செய்வதாக இருந்தது. சம்பந்தம் செய்யும் முன் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளாமல் நாலு வார்த்தை விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்களும் திருமங்கலத்தில் அப்படித்தான் விசாரித்தோம். அதன்படி பையனின் அப்பா பேயாண்டி அவர்களும், தாய்மாமன் காசிமாயன் அவர்களும் எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து, "தங்கப்பாண்டின்னு ஒருத்தர், ஆளு எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள்.

6. இருவரும் சினிமா பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள். இது டீக்கடை அழகுபாண்டிக்குத் தெரியாது. வழக்கம்போல, "அவரா? இந்நேரம் ஆரப்பாளையத்து வீட்டுலல்ல இருப்பாரு" என்றிருக்கிறார். பெஞ்சில் இருந்த ஒருவர், "சின்னவுகளுக்கு அல்வா வாங்கிட்டுப் போனாரே, நான் பாத்தேன்" என்றிருக்கிறார். அந்த வழியே போன என் நாத்தனார் தங்கப்பொண்ணும் சும்மா போகாமல், "எங்கண்ணன் ரெண்டு பேத்தையும் ஒரு கொற வைக்காது" என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்தவளே சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்? வந்தவர்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நிச்சயம் நின்றது.

7. இவர் மறுநாளே திருமங்கலம் போய், அது படம்தான், ஒரு தடவை பார்த்தால் விளங்கிவிடும் என்று சொல்லி வந்தார். அவர்களும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். விளங்கவில்லை, கெட்டுப்போனது. "பழக்கமில்லாத ஆளு இம்புட்டு நேர்த்தியா பூ வைக்க முடியுமா?" என்று பையனின் அம்மா தமிழ்ச்செல்வி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, நானே கேட்டதுதான். சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றார் இவர். படத்திலும் சூடம் அடித்தார் என்றார்கள். ரேஷன் கார்டைக் காட்டினார். படத்தில் இரண்டு கார்டு இருந்தது என்றார்கள். அந்தப் பையன் எங்களுக்காக வாய்விட்டுப் பேசினான். பெண் மயக்கத்தில் பேசுகிறான் என்று அவனை உட்கார வைத்துவிட்டார்கள். முடிவாகப் பேயாண்டி அவர்கள், "வாய்ப்பேச்சு வேணாம். கவர்மெண்டு சீல் வச்சு ஒரு பேப்பர் கொண்டாங்க, மறுவாரமே பூ வைக்க வாரோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

8. என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "படம் நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனாள். பெற்ற வயிறு எரிகிறது, ஐயா. இவரோ இப்போதெல்லாம் உப்பு வாங்கப் போனாலும் எப்போது வருவேன் என்று சொல்வதில்லை.

9. அந்தப் பேப்பருக்காக எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "சாதி, வருமானம், இருப்பிடம், எதுக்கு வேணாலும் சான்று இருக்கும்மா. புருஷன் ஒழுங்கா இருக்காருன்னு எழுதிக் குடுக்கிற அதிகாரம் கலெக்டருக்கே கிடையாது. கைவிடப்பட்ட பொண்ணுக்குச் சான்று உண்டு, கைவிடப்படாத பொண்ணுக்கு இல்லையே" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது.

ஆகவே, கைவிடப்பட்ட பெண் சான்று கோரும் விண்ணப்பம் ஒன்றை முறைப்படி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. கணவர் தற்போது வசிக்கும் முகவரி என்ற இடத்தில் என் முகவரியேதான் எழுதியிருக்கிறது. கைவிட்டுச் சென்ற நாள் என்ற இடத்தில் 'செல்லவில்லை' என்றும், காரணம் என்ற இடத்தில் 'சினிமா' என்றும் எழுதியிருக்கிறது. என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிவந்தவரும் என் கணவர்தான். தங்கள் அலுவலக வாசலில் நிற்கிறார். சுற்றிக் கூட்டம் கூடியிருந்தால் தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம்.

நேரில் விசாரிக்க அலுவலர்களை அனுப்பினால், டீக்கடையில் மட்டும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நேராக வீட்டுக்கு வரட்டும். விசாரணை முடிந்ததும், "மனுதாரரின் கணவர் மனுதாரருடன் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து வருகிறார், வேறு குடும்பம் ஏதும் இல்லை, எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை நன்றாகப் பதியும்படி குத்தித் தர வேண்டும். தங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் அவரவர் மனுவை ஏற்கச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். என் மனுவைத் தள்ளுபடி செய்து என் மகள் கல்யாணத்தை நடத்தித் தருமாறு ஒரு தாயாகக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இணைப்பு: கைவிடப்பட்ட பெண் சான்றுக்கான விண்ணப்பம் (கணவர் கையால் பூர்த்தி செய்யப்பட்டது).

இடம்: வாடிப்பட்டி
நாள்: 17.03.2025

தங்கள் மறுப்பை ஆவலுடன் எதிர்நோக்கும்,
த. ஒச்சாயி