கம்ப்யூட்டர் போட்ட சீட்டு

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று போன வாரம்தான் போனில் கேட்டுக்கொண்டேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உட்கார்ந்துகொண்டு படி. அம்மாவின் இடது உள்ளங்காலில் ஒரு கருப்புத் திட்டு இருந்ததே, தையல் மிஷினை மிதித்து மிதித்து வந்த காய்ப்பு என்றுதானே எல்லோரும் நினைத்தோம், அது நீ ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்து வளர்த்துப் பார்க்கிறாயே, அதே மெலனோமாவாம். தோல் புற்றுநோய். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. வெயில் படாத உள்ளங்காலில்கூட வரும் என்று நீ ஏதோ பேச்சில் சொன்னாயாம், அன்றைக்கே கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு, நான் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் கேள்வி கேட்பேன் என்று, பின்னால் வந்த பஸ்ஸில் போயிருக்கிறாள். கால் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னது பொய். வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், தொடை இடுக்கில் ஒரு நிணநீர் முடிச்சிலும் அது இருக்கிறது என்றார் டாக்டர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், அம்மா பிடிக்கவில்லை.

அடுத்த அதிர்ச்சி அவள் கொடுத்தது. தலைவலி மாத்திரையைக்கூடப் பாதியாக உடைத்து விழுங்குகிறவள், புது மருந்துப் பரிசோதனைக்குச் சேர்கிறேன் என்று பத்தொன்பது பக்கத் தாளையும் வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற பழைய மருந்து எல்லோருக்கும் உண்டு, பாதிப் பேருக்கு மட்டும் அதோடு புது மருந்தும் சேரும், யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு எடுக்கும். உன்னிடம் சொல்லி யாரையாவது பிடிக்கலாமே என்றேன். "நம்ம பொண்ணு இதே மாதிரி பரிசோதனைக்கு வர்ற எத்தனை பேரை நம்பி வேலை பாக்குறா, அவளைப் போய் தப்பு பண்ணச் சொல்றீங்களா?" என்று ஒரு முறை முறைத்தாள்.

நேற்று சீட்டு விழுந்தது. அவளுக்குப் பழைய மருந்து மட்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த தபால்கார அம்மாவுக்குப் புதுசு. முப்பது வருஷம் பஸ் ஓட்டுகிறேன், ஒரு பயணியைக்கூடச் சத்தம் போட்டதில்லை, நேற்று முடிவைச் சொன்ன நர்ஸைச் சத்தம் போட்டேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "பழசு மட்டும் வாங்கிக்கவும் ஆள் வேணும்ல? இல்லன்னா புதுசு நல்லதா கெட்டதான்னு எதை வச்சு சொல்லுவாங்க?" என்றாள். பிறகு அந்தத் தபால்கார அம்மாவின் கையைப் பிடித்துச் சந்தோஷம் என்றாள், நிஜமாகவே சொன்னாள். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதெல்லாம் அவள் வாயாலேயே சொல்ல வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அதுவரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, கேட்கும்போது அழுதுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொட்ட காரியம் துலங்கட்டும், உன் கையால் நாலு பேர் பிழைக்கட்டும். மறக்காமல் எனக்குத் தனியாக ஒரு வரி எழுது, பழைய மருந்துக்கே நோய் கேட்குமா? கேட்காது என்றாலும் எழுது, அப்பா தாங்கமாட்டார் என்று பூசி மெழுகாதே.

இப்படிக்கு,
எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா