முற்றத்து வளைவும் ஜொலிவே கொண்டுவந்த பன்றியும்

லா ரெனார்தி, மே 17, ஞாயிறு

அன்பு மகள் சொலேனுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நூமேயாவில் நீயும் மாப்பிள்ளை யானும், ஆகஸ்ட் மாதத்துக்காக உன் வயிற்றில் காத்திருக்கும் குட்டியும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போன வாரம் போனில், "அப்பா, வீடு வித்தாச்சா இல்லையா, பிள்ள பொறக்கறப்ப வர்றீங்களா இல்லையா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் முகம் திரையில் பாதி மூடிய கண்ணோடு உறைந்து நின்றுவிட்டது. ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை, அதனால்தான் கடிதம். வீடு விற்றால்தான் வருவேன் என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன், அது சாக்கு இல்லை. பதினான்கு அறையும் நானூறு வருடக் கூரையும் உள்ள வீட்டை ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் பூமியின் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒரே ஒரு ஓடு நகர்ந்தால் போதும், திரும்பி வரும்போது மாடி அறை சாப்பாட்டு அறைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும்.

விற்பனை விளம்பரத்தை நீ பார்த்திருப்பாய். வரலாற்றுப் பெருமை வாய்ந்த கிராமத்து மாளிகை, துணைக் கட்டடங்கள், மதில் சூழ்ந்த தோட்டம் என்று தரகர் எழுதியிருக்கிறார். துணைக் கட்டடங்கள் என்றால் புறா இல்லாத புறாக்கூண்டு, கதவு இல்லாத ரொட்டி அடுப்பு, பாதிக் கூரையுள்ள பன்றித் தொழுவம், அப்புறம் உன் அத்தை கிஸ்லேன் எடுத்துப் போகிறேன் என்று சொல்லிப் பதினோரு வருடமாக எடுக்காத சாமான்கள் நிறைந்த களஞ்சியம். விளம்பரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டு என்று இருந்ததைப் பதினாறு என்று நான் திருத்தச் சொன்னேன். "சார், நூறு வருஷம் கூட இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் தரகர். முப்பது வருடம் லத்தீன் ஆசிரியராக இருந்தவனால் தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். இங்கே ஒரு ராணி தங்கினாராமே என்று கேட்ட பிரஸ்ஸல்ஸ்காரரிடம் அவர் தங்கியது பக்கத்து ஊர் என்று சொன்னேன், அவர் பக்கத்து ஊரிலேயே வீடு வாங்கிவிட்டார். இதற்காக உன் அத்தை என்னைத் திட்டியதை இங்கே எழுத வேண்டாம்.

இந்த வசந்தத்தில்தான் லியோனிலிருந்து தெசாந்தியே தம்பதி வந்தார்கள். அவர் பல் மருத்துவர், அந்த அம்மாள் பியானோ சொல்லிக்கொடுப்பவர். வீட்டுக்கு அடியில் முற்றத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் வளைவுப் பாதைக்கு உன் தாத்தா இரண்டு பக்கமும் கதவு வைத்துத் தரைக்கு ஓடு பதித்துக் கூடமாக்கினாரே, அதில் நின்று அந்த அம்மாள் ஒரே ஒரு ஸ்வரம் பாடிப் பார்த்தார். எதிரொலியில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. பியானோ இங்கேதான் என்று முடிவாயிற்று. ஆனால் விற்பனைப் பத்திரம் எழுதும் நோட்டரி ஷசேன் பழைய பத்திரங்களைத் தோண்டியதில் 1847-ஆம் வருடத்துக் காகிதம் ஒன்று கிளம்பியது. பக்கத்து ஜொலிவே பண்ணைக்காரர் எவரும் தம் பன்றியை எங்கள் வளைவு வழியாகக் குளத்துக்கு ஓட்டிச் செல்ல என்றென்றைக்கும் உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. தெசாந்தியே அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. நோட்டரி அவரைச் சமாதானப்படுத்தினார். இப்படிப்பட்ட வழியுரிமையை முப்பது வருடம் யாரும் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே செத்துப்போகும், ஆகவே கடைசிப் பன்றி எப்போது போனது என்று தெரிந்தால் போதும் என்றார்.

அது எங்களுக்கு நாள் கணக்காகத் தெரியும். கிஸ்லேனுடைய கல்யாண விருந்தன்று, கேக் வெட்டும் நேரத்தில், ஃபிர்மேன் ஜொலிவே தன் கடைசிப் பன்றியை அந்த வளைவு வழியாக ஓட்டிக்கொண்டு போனார். படத்தில் மணமகள், மணமகன், பன்றி மூவரும் இருக்கிறார்கள். மணமகன் ஆறு வருடத்தில் போய்விட்டார், படம் இருக்கிறது. தேதி மே 15, இந்த வருடத்தோடு முப்பது வருடம். ஆக, இந்த மே 15 வரை ஜொலிவே பன்றியோடு வராமல் இருந்தால் போதும், அன்று மாலையே கையெழுத்து. அப்போது மூன்று வாரம் பாக்கி. ஜொலிவேயிடம் பன்றியும் கிடையாது, எழுபத்திரண்டு வயதில் புதிதாக வாங்கப்போவதும் இல்லை. அவரோடு நான் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊர்த் திருவிழாப் பூசணிப் போட்டியில் தராசு பிடித்தவர் அவர்தான், என் பூசணியின் காம்பை வெட்டிவிட்டு நிறுத்தார், நானூறு கிராமில் தோற்றேன். அதை மறக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எப்போதும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலே காரியம் ஆகியிருக்கும். உன் அத்தைதான் கேட்கவில்லை. "அண்ணா, கொஞ்சம் சிரிச்சுப் பேசு, கோவத்துல இருந்தா மனுஷன் எதையாவது நெனச்சுக்குவான்" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வணக்கம் சொன்னேன். ஜொலிவே மண்வெட்டியைக் கீழே வைத்தார். "என்ன ரெஜிஸ், பன்னெண்டு வருஷமா என் நாய்க்குக்கூட போடாத வணக்கத்த எனக்குப் போடுற? டாக்டர் எதாச்சும் சொல்லிட்டாரா?" என்றார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தெசாந்தியே அம்மாள் நல்ல மனுஷி, வரப்போகும் அண்டை வீட்டாரைப் பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஒரு டப்பா பாதாம் மிட்டாயோடு ஜொலிவே வீட்டுக்கே போய்விட்டார். காப்பி குடித்திருக்கிறார், வானிலை பேசியிருக்கிறார், எழுந்திருக்கும்போது, "நீங்க பன்னி எதுவும் வளக்கலையே? நல்லவேளை" என்றும் சொல்லியிருக்கிறார். லியோன் அம்மாள் ஒருத்திக்குத் தன் பன்றியைப் பற்றி என்ன கவலை என்று அந்த மனுஷன் இரண்டு நாள் யோசித்தாராம். மூன்றாம் நாள் தன் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தாராம், அதில் அதே 1847 காகிதத்தின் பிரதி இருந்ததாம்.

மே 14, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. தெசாந்தியே தம்பதி அளவு நாடாவோடு கூடத்தில் பியானோவுக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தார்கள், கிஸ்லேன் அவர்களுக்காகக் காப்பி கொண்டுவந்தாள், முற்றத்துக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஜொலிவே, கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அவருடைய மச்சினனிடம் இரவல் வாங்கி வந்த ஓதெத் என்ற பெண் பன்றி, இருநூறு கிலோ இருக்கும். பக்கத்தில் மோந்த்லூசோனிலிருந்து சாட்சிப் பத்திரம் எழுத வந்த நீதிமன்ற அதிகாரி, வெள்ளைக் காலணி போட்ட இளம்பெண். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது, வழிவிட வேண்டியதுதான். அந்தப் பெண் ஒன்று மட்டும் சொன்னார். "பன்னெண்டு மணிக்கு எனக்குச் சாப்பாடு சொல்லியிருக்கு, அதுக்குள்ள என்ன நடக்குதோ அதத்தான் எழுதுவேன். மத்தியானம் வேற ஊர்ல வேலை."

பன்றி வாசல்படி வரை வந்தது. லியோன்காரர்களுக்காக நான் இரண்டு நாள் முழங்காலில் நின்று மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் தன் முகத்தைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. ஜொலிவே கயிற்றை இழுத்தார். ஆப்பிள் காட்டினார். "வா என் ராசாத்தி, வா என் தங்கம், ரெண்டு எட்டு வையி" என்று கெஞ்சினார், தன் மனைவியிடம்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார், பன்றி அவர்மேல் சாய்ந்துகொண்டது. பதினொன்றரை ஆயிற்று. தெசாந்தியே கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். கிஸ்லேன் என் கையை நகம் பதியப் பிடித்து, "அண்ணா, இன்னும் அரை மணி நேரம், வாயத் தொறக்காம நில்லு, வேற ஒண்ணும் நீ செய்ய வேண்டாம்" என்று காதில் சொன்னாள். நான் நின்றேன். உன் முகத்தையும் விமானத்தையும் நினைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஒரு மனுஷன் இருநூறு கிலோ பன்றியை முன்னால் இழுத்துப் பார்ப்பதை நின்று பார்ப்பது, ஒரு மாணவன் கரும்பலகையில் தப்பு எழுதுவதைப் பார்ப்பது மாதிரி. "முன்னால இழுத்தா அது வராது" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஜொலிவே நிமிர்ந்து அந்த அதிகாரியிடம், "கேட்டுக்குங்கம்மா, பூசணியவே ஒழுங்கா வளக்கத் தெரியாத லத்தீன் வாத்தியாரு எனக்குப் பன்னி ஓட்டச் சொல்லித் தர்றாரு" என்றார்.

அதற்கப்புறம் கிஸ்லேன் என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அடுப்படியிலிருந்து வாளியை எடுத்து வந்தேன். பன்றியின் தலையில் வாளியைக் கவிழ்த்தால் அதிலிருந்து தப்பிக்கப் பின்னாலேயே நடக்கும், வாலைப் பிடித்துத் திருப்பினால் போதும், இது இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரிய வேண்டிய விஷயம். "யோவ், கயித்தத் தளத்திப் பிடிச்சுக்கிட்டு வா, வேற ஒண்ணும் செய்யாத" என்று சொல்லிவிட்டு, பன்றியைத் திருப்பி நிறுத்தி வாளியைக் கவிழ்த்தேன். ஓதெத் பின்பக்கமாகக் கூடத்துக்குள் நுழைந்தாள், மெழுகில் வழுக்கினாள், பியானோ வைக்கும் இடத்தில் சற்று நின்று எழுதத் தகாத ஒன்றைச் செய்தாள், தெசாந்தியே அம்மாள் ஜன்னல் திண்டில் ஏறி நின்று, எதிரொலியோடு, மிக நல்ல ஸ்வரம் ஒன்றைக் கொடுத்தார். பதினொன்று நாற்பத்தேழுக்குப் பன்றி குளத்தில் இருந்தது. நான் ஜொலிவேயைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் தொப்பியைக் கழற்றினார். சொலேன், பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு நல்ல நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை. அது சரியாக ஒரு நிமிடம்தான் நீடித்தது. "நீ ஜெயிச்சுட்டண்ணா, வீடு போச்சு" என்றாள் கிஸ்லேன்.

தெசாந்தியே விடவில்லை. ஓட்டியது வீட்டுக்காரர், பன்றி மச்சினனுடையது, போனதும் பின்பக்கமாக, இது எப்படி ஜொலிவேயின் உரிமையாகும் என்று வாதாடினார். "கயிறு யார் கையில இருந்துச்சு? அத எழுதிக்குங்கம்மா" என்றார் ஜொலிவே. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கக் கையெழுத்துப் போட்டார். கயிறு போதும் என்று நோட்டரி வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார், ஆகவே இன்னும் முப்பது வருடத்துக்கு அந்த உரிமைக்குச் சாவில்லை. தெசாந்தியே தம்பதி போய்விட்டார்கள். கிஸ்லேன் என்னோடு பேசுவதில்லை, காது கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. அன்று ராத்திரி உனக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்துச் சாப்பிடாமல் படுத்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நோட்டரி இன்னொன்றும் சொன்னார். உரிமை உயிரோடு இருக்கிறது என்றால் அந்தக் கதவை ஜொலிவேக்கு நான் பூட்டக் கூடாது, அவருக்கு ஒரு சாவி தர வேண்டும். நேற்றுக் காலை அவர் சாவி வாங்க வந்தார், சலவைச் சட்டை போட்டிருந்தார். வாசலில் நின்று மேலே பார்த்து, "வடக்குப் பக்கம் ரெண்டு ஓடு எறங்கியிருக்கு, தெரியுமா?" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ஏழு வருஷமா. தினமும் காலையில காப்பி குடிச்சுக்கிட்டே பாக்குறேன். நீ பேசியிருந்தா சொல்லியிருப்பேன்." நீங்கள் கேட்டிருந்தால் நானும் பேசியிருப்பேன் என்றேன். "காம்ப வெட்டித்தான் எடை போடணும், அது விதி" என்றார். அந்த விதி இந்த ஊரில் எங்கேயும் எழுதப்படவில்லை என்று விளக்கினேன், அவர் ஏணி கேட்டார். பகல் சாப்பாட்டுக்குள் இரண்டு ஓடும் ஏறிவிட்டன, கீழே நின்று நான் சொன்னபடிதான் வைத்தார், அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இது சமாதானம் என்று நினைத்துவிடாதே. தினமும் என் கூரையைப் பார்க்கிற மனுஷன் ஒருவர் இருக்கிறார், அவர் கையில் இப்போது சட்டப்படி என் வீட்டுச் சாவி இருக்கிறது, அவ்வளவுதான். நான் இல்லாதபோது வருவீர்களா என்று கேட்டேன். "நீ இருக்கறப்பதான் வர யோசிக்கணும்" என்றார்.

ஆகவே, மகளே, வீடு விற்கவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டேன்.

உனக்கும் யானுக்கும் குட்டிக்கும் என் ஆசிகள் நிறைய. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, ஏணியில் ஏறாதே, குழந்தையின் அறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று நான் வரும்வரை முடிவு செய்யாதே. ஜூலை 22, காலை ஏழேகாலுக்கு விமானம் இறங்குகிறது. உன் அத்தை கேட்டால் நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்.

என்றும் உன் அப்பா,
ரெஜிஸ் ஓப்ரியோ