கை நனைக்கும் முன்

இன்றைக்கு மத்தியானம் உன் வீட்டில் வாழையிலை கழுவினேன். தண்ணீர் பட்டதும் இலையிலிருந்து எழுகிற அந்தப் பச்சை வாசனை வந்தது. கூடவே உன் நினைப்பும் வந்தது. அழவில்லை. நான் அப்படி அழுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். கூடத்தில் ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். உன் மகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் வேலை, அதற்காக வந்தவர். கோயமுத்தூரிலிருந்து பல்லடம் வரை வெயிலில் வந்தவரைச் சும்மா அனுப்ப முடியாதே என்று நான்தான் சமைத்திருந்தேன்.

உனக்கும் இப்படி ஒருவன் வந்தான். அப்போது நாம் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். உன் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய்விட்டார், மகள் சின்னப் பிள்ளை, அண்ணன் வீட்டில் இருந்தாய். வெளிநாட்டில் தையல் வேலை என்று வெள்ளகோவிலிலிருந்து வந்தான் அவன். உன் அண்ணிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, பேச்சுக்குப் பேச்சு 'ங்க'. உன் அண்ணன் இலை போடச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இப்ப வேண்டாமுங்க. விசா வரட்டும், வந்து கை நனைச்சுக்கறேனுங்க."

அவ்வளவுதான், வீடே உருகிவிட்டது. நம் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் உறவு உறுதி. கல்யாணத்துக்கு என்று இருந்த மரியாதையை அவன் வேலைக்குக் கொண்டுவந்து ஒட்டினான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அரசாங்க லைசென்ஸ் உண்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முன்பணமும் உன் பாஸ்போர்ட்டும் அன்றைக்கே அவன் பைக்குள் போய்விட்டன. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுசன் பாரு அம்மணி" என்று மறுநாள் பஸ்ஸில் சொன்னாய். "தண்ணியாச்சும் குடிச்சானா?" என்று கேட்டேன். முறைத்தாய்.

விசா உன் போனுக்கு வந்தது. ஒரு தையல் விட்டிருந்தாலும் பிடித்துவிடுகிற கண்கள் நமக்கு. சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தோம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தருகிற விசா அது. வேலை செய்யக்கூடாது என்று கீழே தெளிவாகப் போட்டிருந்தது. உடனே அவனுக்குப் போன் செய்தாய். "அங்க போயி மாத்திக்கலாமுங்க, எல்லாரும் அப்பிடித்தானுங்க போறாங்க" என்றான். போன இடத்தில் மாட்டிக்கொண்டால் உன் பிள்ளை கதி என்ன என்று கேட்டேன். நீ போனை அணைத்துப் பைக்குள் போட்டாய்.

போகாதே, முடிந்தது கதை என்று என்னால் சொல்ல முடிந்தது. உனக்கு அது அவ்வளவு சுலபமில்லை. பாஸ்போர்ட் அவனிடம், அவனோ அண்ணி வழிச் சொந்தம். விசா வந்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமை விருந்து, அண்ணன் உறவுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டாயிற்று. "தின்னுபோட்டான்னா பொறவு ஒண்ணும் கேக்க முடியாது புள்ள. கேட்டா நாமதான் மரியாத தெரியாதவங்க ஆயிருவோம்" என்றாய். சாயங்காலம் பஸ் இறங்கும்போது, "அப்ப திங்கறதுக்கு முன்னாடி கேட்டுப்போடறேன்" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வந்திருந்தேன். பந்தியில் அவனுக்கு முதல் இலை. மற்ற இலைகளிலெல்லாம் சோறு விழுந்தது. அவன் இலைக்கு முன்னால் நீ சோற்றுக் கரண்டியோடு நின்றாய்.

"ஏனுங்க, பாஸ்போர்ட்ட எலைக்குப் பக்கத்துல வெய்ங்க. உங்க லைசென்ஸ் நெம்பரு என்னுங்க? வேலைக்குன்னு குடுக்கற விசா எங்கீங்க? சொன்னீங்கன்னா சோறு வெக்கறேனுங்க."

குரல் உயரவில்லை. ஒரு 'ங்க' குறையவில்லை. "அம்மணி, என்ன பேச்சு இது!" என்றார் அண்ணன். அவன் சிரித்தான். "சாப்பிட்டுப் பேசிக்கலாமுங்க."

"பேசிட்டுச் சாப்பிட்டுக்கலாமுங்க."

ஓர் இலை காலியாக இருக்கும்போது யார் சாப்பிடுவார்கள்? பந்தி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. அவனுக்கு வேர்த்தது. பையைத் துழாவிப் பாஸ்போர்ட்டை எடுத்து இலையோரம் வைத்தான். போன் வருகிறது என்று எழுந்து வெளியே போனான். பிறகு பைக் சத்தம்தான் கேட்டது. முன்பணம் போனது போனதுதான். அண்ணி வெகுநாள் உன்னோடு பேசவில்லை. நீயோ அந்த இலையிலேயே உட்கார்ந்து, ரசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எனக்கு அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. செய்யவில்லை, பந்தியில் ஆட்கள் இருந்தார்கள்.

முறையான வழியில் நீ பிறகு போயிருக்கலாம். விசாரித்துக்கொண்டும் இருந்தாய். அதற்குள் நோய் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. அது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு இலையைப் போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு நின்றேன். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் மகள் ஏஜென்ட்டின் எதிரே உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல உங்க லைசென்ஸ் நெம்பரு சொல்லுங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் அல்லவா. அவர் முகம் சுளிக்காமல் சொன்னார். அரசாங்க இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அவர் பெயர் இருந்தது. பாஸ்போர்ட் நகலை மட்டும் கொடுத்தாள். அசல் உன் பீரோவில்தான் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு அவளே முந்தைய வாரம் எழுதிக் கேட்டு, பதிலும் வாங்கி வைத்திருந்தாளாம். எனக்கே அது இப்போதுதான் தெரியும்.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்தாள். வேலை என்ன, சம்பளம் என்ன, தங்க இடம் யார் தருவது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அவர் காலி இலைக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கரண்டியில் எடுத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கை வலித்தது. இறக்கவில்லை.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு உன் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெய்ங்க சித்தி" என்றாள்.