பித்தளைத் தூள்

ஜூன் 3, செவ்வாய்

நடந்து அளந்தேன். டார்சியின் ஷெட்டிலிருந்து நாங்கள் குடியிருக்கும் கேம்பர் டிரெய்லர் வரை இருபத்திரண்டு மீட்டர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அங்கே நிறுத்தச் சொன்னது டார்சியின் மனைவி. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் சிட்னிக்காரருக்கு விற்றுவிட்டார். என் கணவன் கிரேமின் அண்ணன் டார்சி தன் நிலத்தில் இடம் தந்திருக்கிறான். வாய் திறக்க முடியுமா?

இப்போது ஷெட்டிலிருந்து ஜன்னல் வழியாக எங்களுக்குக் கரண்ட் கொண்டுவருவது புல்வெட்டும் மெஷினின் மெல்லிய வயர். கிரேமின் ஆக்சிஜன் மெஷினோடு ஹீட்டரையும் போட்டால் கை வைக்க முடியாதபடி சுடுகிறது.

ஜூன் 5

புதுக் கேபிள் வாங்கப் போனேன். கடைக்காரர் எவ்வளவு தூரம், எதெல்லாம் ஓடும் என்று கேட்டார். மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடுமாம், முழுக்கப் பிரித்துப் போட வேண்டுமாம். இருபத்தைந்து மீட்டர், பதினைந்து ஆம்ப், தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள். இந்த வருடம் நான் சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரே பொருள்.

ஜூன் 6

பொருந்தவில்லை. ஷெட்டில் இருப்பது பத்து ஆம்ப் பிளக் பாயிண்ட். என் பிளக்கின் எர்த் பின் அகலம். அவ்வளவு கரண்டைத் தாங்காத பாயிண்டில் நுழையக் கூடாது என்பதற்காகவே அகலமாகச் செய்கிறார்கள் — எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெரிய பாயிண்ட் போடலாமே என்றேன். டார்சி அரத்தை எடுத்தான்.

"இங்க குடும்மா. இந்த ஊர் டிரெய்லர்ல பாதிக்கு இப்படித்தான் கரண்ட் வருது."

ஆடாமல் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன், இரண்டு கையாலும். உள்ளங்கையெல்லாம் பித்தளைத் தூள்.

கிரேமிடம் சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். "பல்வலின்னாலும் எங்க அண்ணன் அரத்தத்தான் எடுப்பான்."

ஜூன் 19

நடுக் குளிர்காலம், புல் முழுக்க உறைபனி. ஷெட்டின் பிளக் பாயிண்ட் ஓரம் பழுப்பாகியிருக்கிறது. கருகிய மீன் போல ஒரு வாடை. டார்சியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்வானாம். மறுபடி கேட்டால் இடத்தைக் காலி செய்யச் சொல்வார்களோ?

நான் பள்ளி நூலகத்தில் வேலையில் இருக்கும் நேரம் ஹீட்டர் வேண்டாம், போர்வை போதும் என்று கிரேமிடம் சொன்னேன். சரி என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

போன் செய்யவில்லை. டிவியில் மேட்ச்.

நானே செய்திருக்கலாம்.

ஜூன் 25

காலையில் மைனஸ் ஐந்து. கிரேமுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

ஜூன் 30

இருபத்தைந்தாம் தேதி மூன்றரைக்குத் திரும்பினேன். மெஷின் சத்தம் இல்லை. கட்டிலுக்கடியில் இருந்த மாற்று ஆக்சிஜன் சிலிண்டரை நோக்கி கிரேமின் ஒரு கை நீண்டிருந்தது. ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி. ஷெட்டில் பிளக் பாயிண்ட் உருகி வழிந்திருந்தது.

கரண்ட் போனதும் மெஷினின் அலாரம் அடித்திருக்கும். அடித்து அடித்து ஓய்ந்திருக்கும். டார்சி வீட்டில்தான் இருந்தான். தொட்டிக்குப் பின்னாலிருந்து யாருக்குக் கேட்கும்?

ஏன்டா ஹீட்டர போட்ட? — குளிருச்சுன்னா போடாம என்ன பண்ணுவ.

ஜூலை 4

அடக்கம் முடிந்தது. டார்சி குழந்தை மாதிரி அழுதான். வந்தவர்களிடமெல்லாம் நுரையீரல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வசந்தத்தைத் தாண்டியிருக்க மாட்டார் என்று டாக்டரும் சொன்னார்.

வசந்தத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஜூலை 11

எலக்ட்ரீஷியன் வந்தார். பதினைந்து ஆம்ப் பாயிண்ட் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் கேபிளைச் செருகிப் பார்த்தார். ராவிய எர்த் பின் அந்த அகலத் துளையில் லொடலொடவென்று ஆடியது.

"யாருங்க இத ராவினது?"

டார்சி கேட்டைப் பார்த்துக்கொண்டே, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றான்.

"இல்ல," என்றேன். "அவர் ராவினாரு. நான் புடிச்சுக்கிட்டிருந்தேன்."

 எலக்ட்ரீஷியன் பிளக்கை வெட்டியெடுத்து என் கையில் வைத்தார்.