இடது பின் சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் படுத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவர்கிட்ட சண்டை போடாத." சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலையைத் திரும்ப வாங்க முடியுமா? அதனால் அலமாரியில் சும்மா கிடந்த இந்த நோட்டை எடுத்துக்கொண்டேன். வாக்கு வாய்க்குத்தான், கைக்கு இல்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் என் மண்டைக்குள் போனது வெளியே போகாது. பிப்ரவரி 19, வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. பரணில் எதையோ எடுக்க ஏறியவள் ஏணியின் நாலாவது படியிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே இரண்டு கம்பி வைத்திருக்கிறார்கள். அந்த நாலாவது படி போன வருஷமே கழன்றது. அதற்கு ஸ்க்ரூ போட்டவர் என் மாப்பிள்ளை. கால் வழுக்கிவிட்டது என்கிறாள் மகள். அவரும் அதையே சொல்கிறார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்வதற்குள் ஏணியையே காணோம். ஏன் காணோம்? ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்திருக்கிறேன்.

இருபதாம் தேதி வீட்டுக்கு விடுகிறார்களாம். ஆறு வாரத்துக்கு முதுகில் ஒரு குலுக்கல்கூடப் படக்கூடாது, பட்டால் கம்பி நகரும், மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் பேச்சை எடுத்தாலே மகளுக்கு முகம் வெளுக்கிறது. போகும்போது பள்ளத்துக்குப் பள்ளம் உயிர் போய் வந்ததாம். டிரைவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டினானாம். "நம்ம கார்லயே வந்துடறேன்" என்கிறாள்.

நம்ம கார்! பதினாலு வயதான யானை. தெருவில் தீப்பெட்டி கிடந்தாலும் குதிக்கும்.

சாயங்காலம் மாப்பிள்ளை அறிவித்தார்: பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரும் போய்விட்டதாம். ஒர்க்‌ஷாப்பில் இருபத்தைந்துக்கு மேல்தான் நாள் கொடுக்கிறார்களாம். அதனால் வீட்டிலேயே, தானே, மாற்றப்போகிறாராம்.

தானே. கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

மனசுக்குள் நான் இவருக்கு வைத்திருக்கும் பெயர் விளக்கம். குழாயில் தண்ணீர் ஒழுகினால் அடைக்கும் முன்பு அது ஏன் ஒழுகுகிறது என்று அரை மணி நேரம் சொல்வார். பிறகு அடைப்பார். பிறகும் ஒழுகும்.

இன்று ஷாக் அப்சார்பர் விளக்கம். காரின் பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தார். அது நாலு தடவை ஆடி நின்றது. நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டுமாம். இது சாதாரணமானது இல்லை, எலக்ட்ரானிக். உள்ளே எண்ணெய், தலையில் ஒரு வயர். சாலை எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் அதை இளக்குமாம், இறுக்குமாம். குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். எண்ணெய் கசிந்து, தூசி அப்பி, அடுப்பில் பொங்கி வழிந்த பாத்திரம் மாதிரி இருந்தது. முன்னால் இரண்டையும் போன வருஷம் ஒர்க்‌ஷாப்பில் மாற்றியாகிவிட்டது. அதனால்தான் அவை நன்றாக இருக்கின்றன. நான் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இதையும் எழுத வேண்டியதுதான்.

பின் சீட்டை மடித்து மெத்தை போட்டார். "அவ இப்படித்தான் படுத்து வரணும் அத்தை. யாராவது படுத்துப் பாத்தாத்தான் எங்க எவ்வளவு தூக்குதுன்னு தெரியும்." யாராவது என்றால் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எழுபத்தொரு வயதில் மூட்டை மாதிரி ஏறிப் படுத்தேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீடு வரை ஓட்டினார்.

படுத்துக்கொண்டு போனால் தெரு தெரியாது. தெருவின் தலைதான் தெரியும். மொட்டை மாடித் துணி, வயர், பாங்க் போர்டின் மேல் பாதி, பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி ஜன்னல். அதை வைத்தே பள்ளங்களை மனசில் போட்டுக்கொண்டேன். மொத்தம் இருபத்தாறு. பாங்க் போர்டு தாண்டியதும் இரட்டைப் பள்ளம். தண்ணீர்த் தொட்டி தெரியும்போது வருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதில் கார் ஒரு தடவை விழுந்து மூன்று தடவை எழுந்தது. என் பல்செட்டு நகர்ந்துவிட்டது.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"இருந்துச்சு" என்றேன். இது சண்டை இல்லை.

மார்ச் 9, திங்கள்

நீளமாக இரண்டு பெட்டி வந்திருக்கிறது. பிரித்துக் கூடத்தில் கிடத்தி வைத்திருக்கிறார். நேற்றுப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். என் மகள் பிறந்தபோது அவளை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

புது நர்ஸ் என்னைப் "பாட்டி, வழி விடுங்க" என்றாள். முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

வலது பக்கம்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார். பக்கத்தில் போனை நிறுத்தி, அதில் ஒருவன் பேசிக்கொண்டே வேலை செய்யும் வீடியோ. அவன் ஒரு போல்ட்டைத் திருப்பினான், கழன்றது. இவர் திருப்பினார், வரவில்லை. பதினாலு வருஷத் துரு. எண்ணெய் ஸ்ப்ரே அடித்தார், சுத்தியலால் தட்டினார், ஸ்பானரின் மேல் ஏறி நின்றார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நல்ல பொழுது எனக்குப் போய் ரொம்ப நாளாயிற்று.

ஒன்பதே முக்காலுக்கு எதிர்வீட்டு டிப்போக்காரர் வந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பெண்டாட்டி ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வந்திருந்தபோது என் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போனவள். அது இருக்கட்டும். வந்ததும் அவர் முதலில் காரை வெறும் ஜாக்கியில் நிறுத்தியிருப்பதைப் பார்த்தார்.

"பொண்டாட்டி ஆஸ்பத்திரில, நீங்க கார்க்கு அடியிலயா? நல்லா இருக்கு சார் குடும்பம்."

வீட்டுக்குப் போய் இரண்டு இரும்பு ஸ்டாண்டு கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். நீளமாக ஒரு குழாயை ஸ்பானரில் செருகினார். போல்ட் சின்னதாக ஒரு கத்துக் கத்திவிட்டுக் கழன்றது. டிக்கியின் உள்ளே விரிப்பைத் தூக்கி மேல் நட்டைக் கழற்றி, வயரின் கிளிப்பை அமுக்கி எடுத்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினார்கள்.

கடைசியில் மாப்பிள்ளை கீழ் போல்ட்டை இறுக்கப் போனார். டிப்போக்காரர் கையைப் பிடித்தார். இடது கையில் நான் கொடுத்த டீ, வலது கையில் அவர் கை. "இப்ப வேணாம். சும்மா மாட்டி விடுங்க. சக்கரத்தைத் தரையில எறக்கி, வண்டி கனத்த அது மேல விட்டப்புறம் இறுக்குங்க. இல்லன்னா உள்ள ரப்பர் முறுக்கிக்கும்." அப்படியே செய்தார்கள். கார் இறங்கியபின் மாப்பிள்ளை மறுபடி அடியில் புகுந்து முக்கி முக்கி இறுக்கினார்.

டிப்போக்காரர் போனபின் மாப்பிள்ளை என்னிடம் மெதுவாக ஒரு விளக்கம்: "அதெல்லாம் பழைய பஸ் காலத்து முறை அத்தை. இது எலக்ட்ரானிக்."

மார்ச் 15, ஞாயிறு

இடது பக்கம். டிப்போக்காரரைக் கூப்பிடவில்லை. இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் போனைப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்ததாம். எனக்கும் காட்டினார். பச்சையாகத்தான் இருந்தது.

மகளுக்குப் போன் போட்டு, "முடிச்சுட்டேன்" என்றார். அவள் அழுதாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

மறுபடி மூட்டை. மறுபடி ஆஸ்பத்திரி வாசல்.

உள்ளதை எழுத வேண்டும். வலது பக்கம் பஞ்சு. இருபத்தாறில் பாதி காணாமல் போய்விட்டது. ஆனால் இடது பின்னால், அந்த மூலை மட்டும், விறைத்துக்கொண்டு தூக்கிப் போடுகிறது. இடது சக்கரம் எதில் இறங்கினாலும் என் இடுப்புக்குக் கீழே ஒரு குத்து. தண்ணீர்த் தொட்டிப் பள்ளத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது.

இறங்கிச் சொன்னேன். அவர் போனை எடுத்தார். பச்சை. "நாலும் ஒழுங்கா வேலை செய்யுது அத்தை. புதுசுன்னா கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். ஒங்களுக்கு ஏற்கனவே இடுப்பு வலி."

அப்போதுதான் வாக்கு உடைந்தது. உடைந்தது என்ன, நானே உடைத்தேன்.

"இடுப்பு என்னோடது மாப்பிள்ளை, எனக்குத் தெரியும். சனிக்கிழமை வலது பக்கம் வண்டிய எறக்கிட்டு மறுபடி அடியில போனீங்க. நேத்து போகல. சக்கரம் தொங்கறப்பவே இறுக்கிட்டு எழுந்து கையைத் தொடச்சிட்டீங்க. மஞ்சள் துணி. நான் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

"அது பஸ்ஸுக்கு..."

"படுத்து வரப்போறது பஸ் இல்ல."

அவர் முகம் சிவந்தது. ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிடலாம் என்றார். சொல்லுங்கள் என்றேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மகள் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "சண்டை போட்டியா?" என்றாள். இல்லை என்றேன். பெற்ற பிள்ளையிடம் பொய். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைய நெனச்சாலே பயமா இருக்கும்மா" என்றாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். அவளை அசைக்காமல் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

மார்ச் 18, புதன்

காலையில் மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போகவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் டிப்போக்காரரைக் கூட்டிவந்தார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, தான் பின்னால் ஏறிப் படுத்தார். ஆறடி மனிதர், காலை மடக்கிக்கொண்டு. நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன், வழியில் இருக்கும் பள்ளங்களைச் சொல்ல.

பாங்க் போர்டு. பள்ளிக்கூடம். தண்ணீர்த் தொட்டி தெரிந்தபோது, "இதான் சார்" என்றேன். டிப்போக்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. மனிதர் வேண்டுமென்றேதான் செய்தார்.

வீட்டு வாசலில் நின்றதும் மாப்பிள்ளை இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். டிப்போக்காரர், "என்ன சார், பச்சையா இருந்துச்சா?" என்றார். மாப்பிள்ளை நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்தார். காரைத் தூக்கவேயில்லை, சக்கரம் தரையில் இருந்தபடியே அடியில் புகுந்து கீழ் போல்ட்டைத் தளர்த்தினார். உள்ளே எதுவோ டக் என்று விடுபட்டது, எனக்கே கேட்டது. கார் அந்த மூலையில் ஒரு விரல்கடை கீழே உட்கார்ந்தது. பிறகு இறுக்கினார். இறுக்கிவிட்டு அங்கேயே கிடந்தார். டிப்போக்காரர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இவர் இன்னும் எழவில்லை. எனக்கு முழங்கால் வரைதான் தெரிந்தது.

"அத்தை."

"ம்."

"ஏணிப் படியையும் நான்தான் போட்டேன். அன்னிக்கும் ஆட்டிப் பாக்காமத்தான் எழுந்து போனேன். அவ என்னைக் காப்பாத்தறதுக்கு வழுக்கிடுச்சுங்கறா. ஏணிய நான்தான் ஒடச்சுத் தூக்கிப் போட்டேன்."

ஒரு மாதமாக நான் தீட்டித் தீட்டி வைத்திருந்த வார்த்தை. அதை அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இதற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது. என்ன பிறவி நான்?

"எழுந்து வாங்க. தரை ஈரம்" என்றேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று யாரும் சொல்லாமல் நானே ஏறிப் படுத்தேன். இருபத்தாறில் மூன்றுதான் தெரிந்தது.

மார்ச் 20, வெள்ளி

பதினொன்றரைக்கு விட்டார்கள். இரண்டு ஆட்கள் பலகையோடு தூக்கி மெத்தையில் வைத்தார்கள். நான் காருக்குள் அவள் பக்கத்தில் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஓட்டினார். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கு அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கு ஜன்னலில் போர்டின் தலை தெரிந்தது. இப்போது இரட்டைப் பள்ளம். மூச்சைப் பிடித்தேன். ஜன்னல் வரிசை. அடுத்தது. வயர் குறுக்கே போகும் இடம். அடுத்தது. தொட்டி தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா."

"என்னடி? வலிக்குதா? நிறுத்தச் சொல்லட்டுமா?"

"கார் எதுவும் தெரியலம்மா. ஒன் கைதான் வலிக்குது. கொஞ்சம் விடு."

விட்டேன்.

மார்ச் 21, சனி

மகளின் மணிக்கட்டில் என் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருக்கின்றன. காலையில் மாப்பிள்ளை அதன்மேல் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் டீயோடு வாசற்படியில் நின்றேன். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை.