அத்தாவின் நாற்காலியும் என் பூவன்பழ வயிறும்

என் உயிர் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மூத்த மகள் மெஹரு எழுதுகிறேன். பக்கத்தில் முறுக்கு டப்பா இல்லை, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் இல்லை. இதைக் கேட்டதுமே நீங்கள் பதறிப்போய், "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது அத்தா. சேதி இதுதான்: ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து என் இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். நானே கேட்டுத்தான் எடுத்தார்கள்.

மிச்சம் இருப்பது ஒரு பூவன் பழம் அளவு என்று டாக்டர் விரலை மடக்கிக் காட்டினார். நூற்றுப் பதினாறு கிலோ இருந்தவள் இன்றைக்கு எண்பத்தெட்டு. ஸ்கூலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், "மிஸ், கழிச்சதையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்று கணக்கு டீச்சரான என்னிடமே கணக்குப் போடுகிறார்கள். கோபம் வருவதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறேன். உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

ஏன் செய்தாய் என்று ஊரெல்லாம் கேட்டது. மூட்டு வலி, சர்க்கரை, மூச்சிரைப்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னேன். எல்லாமே நிஜம்தான். ஆனால் முதல் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் மௌத்தான அன்று உங்களை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்து யாசீன் ஓதினார்கள். நான் மட்டும் நாற்காலியில் இருந்தேன். உங்கள் நாற்காலிதான் அத்தா, முட்டி மடங்காமல் போனபிறகு நீங்கள் உட்கார்ந்து தொழுத அதே நீல பிளாஸ்டிக் நாற்காலி. தரையில் உட்கார்ந்தால் என்னைத் தூக்கிவிட நாலு பேர் வேண்டும். மௌத்து வீட்டில் அந்தக் கூத்து வேண்டாமே என்று பயந்தேன். உங்கள் முகத்துக்குக் கிட்டே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று குனிந்து பார்த்தேன். வயிறு இடித்தது. சந்தூக்குப் பெட்டியில் வைத்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை, பெற்ற தகப்பனை மாடியில் நின்று எட்டிப் பார்க்கிறவள்போல மேலே இருந்தேதான் பார்த்தேன். அது இரண்டு வருஷமாக என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

உங்கள் மேல் கோபமும் இருந்தது, மறைப்பானேன்? சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். "கண்டக்டர் ஏறினா பஸ் ஃபுல்லு" என்று ஜனங்கள் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பது நீங்கள்தான். உடம்பைக் குறைக்கச் சொல்லி இதய டாக்டர் எச்சரித்தபோதும் அதே சிரிப்பு. "நாளைலேர்ந்து பாத்துக்கலாம் டாக்டர்" என்றீர்கள். எத்தனை 'நாளை' வந்து போனது அத்தா?

ஆனால் குற்றம் உங்கள் மேல் மட்டுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீங்கள் வந்ததும் சஹன் வைப்பார்கள். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். பஸ்ஸில் நடந்த கதையைச் சொல்லிக்கொண்டே நல்ல கறித் துண்டையெல்லாம் விரலால் என் பக்கம் தள்ளிவிடுவீர்கள். நம் இரண்டு பேருக்கும் மூட்டு போனதும் சஹன் பாயிலிருந்து மேஜைக்கு ஏறியது. தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. ஒருநாளாவது போதும் அத்தா என்று நான் சொன்னேனா? சொல்லவில்லையே.

ஆபரேஷன் என்றதும் அம்மா ஆடிப்போய்விட்டார். "அல்லா குடுத்த வயித்த வெட்டி எறியிறதாம்மா? வாயைக் கட்டினா போதாதா?"

"இருபது வருஷமா கட்டிப் பார்த்துட்டேம்மா. கட்டு அவுந்துக்கிட்டேதான் இருக்கு."

மூன்று நாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார். உங்கள் மருமகன் சலீம்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி அம்மாவைக் கரைத்தார். அதற்குப் பிறகு பரிசோதனைகள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள், தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள். உறிஞ்சினால் பந்து மேலே எழும்ப வேண்டும். முதல் நாள் ஒரு பந்துதான் அசைந்தது. மூன்றும் எழும்பும்வரை நான் விடவில்லை.

நான் சறுக்கியது எங்கே தெரியுமா? ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும்தான். ஈரலில் இருக்கும் கொழுப்பு கரைந்து அது சுருங்கினால்தான் டாக்டருக்கு இரைப்பை கைக்கு எட்டுமாம். மோர், தெளிந்த சூப், தண்ணீரில் கலக்கிய புரோட்டீன் பவுடர் என்று டயட்டீஷியன் செலின் மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது நாள் என் முகம் வாடியதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. "தண்ணி ஆகாரம்தானே சொன்னாங்க? கஞ்சி தண்ணிதானே?" என்று நோன்பே இல்லாத மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சினார். உங்கள் பழைய வெள்ளைக் கைலியைக் கிழித்து, அதில் ஒரு பருக்கை இல்லாமல் வடிகட்டிக் கொடுத்தார். எனக்குத் தெரியாதா? கணக்கு டீச்சர் இல்லையா நான்? தெரிந்தேதான் தினமும் நாலு டம்ளர் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து எடைமிஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. செலின் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கஞ்சியில என்னென்ன போட்டீங்க மிஸ்?"

"அரிசி, பாசிப்பருப்பு, கைமா, தேங்காப்பால்... ஆனா துணியில வடிகட்டிட்டோம் மேடம்."

"தேங்காப்பால எப்படிங்க வடிகட்டுனீங்க?"

ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது குலுங்கிக் குலுங்கி அழுதேன். உங்கள் "நாளைலேர்ந்து" என் வாயிலும் வந்து உட்கார்ந்துகொண்டதே என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். "அம்மா, இதை நோன்புன்னு நெனச்சுக்கங்க. பதினாலு நாள் நோன்பு. இந்த நோன்புக்குக் கஞ்சி கிடையாது." அம்மாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "நோன்புன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் அடுப்பப் பத்த வைக்கிறேன்?" என்றார். அதோடு சரி. அடுத்த பதினாலு நாளும் என் முன்னால் யாரும் தாளிக்கக்கூட இல்லை. எனக்குத் துணையாக அம்மாவும் மத்தியானத்தில் மோர் மட்டும் குடித்தார். இந்த முறை மிஷினில் ஐந்து கிலோ குறைந்திருந்தது.

ஒரு காலை வேளையில் கலிமா சொல்லிக்கொண்டே ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் நிரப்பிய வாயுவாம், நடந்தால்தான் போகுமாம். அன்று சாயங்காலமே சலீம் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். மருந்து மூடியால் அளந்து அளந்து தண்ணீர். சலீம் போனில் கால் மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து ஊட்டினார். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று சொன்னேன், முறைத்தார்.

எல்லாம் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறாவது வாரத்தில்தான் முதல் இட்லி. பழைய அவசரத்தில் மெல்லாமல் விழுங்கினேன். நெஞ்சிலேயே அடைத்துக்கொண்டு, வாயெல்லாம் நுரை தள்ளி, அப்படியே வெளியே வந்துவிட்டது. சீப்பு நிறைய முடி கொட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்று வாசனை வந்தபோது எனக்குப் பசிக்கவே இல்லை. கூடவே வளர்ந்த ஒரு ஆள் வீட்டை விட்டுப் போனதுபோல இருந்தது. அந்தப் பசி உங்களுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒன்றல்லவா? அதற்கு மட்டும் நன்றாக அழுதேன்.

இப்போது பழகிவிட்டது. விடிகாலை பஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினால் சத்திரம் தாண்டி, காவிரிப் பாலத்தில் நடந்து, அம்மா மண்டபம் படித்துறை வரை போய்த் திரும்புகிறேன். நீங்கள் படியில் தொங்கிக்கொண்டு விசில் அடித்த பாதைதான். டவுன் பஸ் உரசிக்கொண்டு போனால் பழைய நினைப்பில் கண்டக்டரைப் பார்த்துவிடுகிறேன். ஒல்லிப் பையனாக யாரோ நிற்கிறான்.

சஹனிலும் எனக்கு இடம் உண்டு. கடைசி ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுந்திருக்கிறேன், அவ்வளவு மெதுவாக மெல்ல வேண்டியிருக்கிறது. அம்மா மீனை முள் எடுத்து, கட்டைவிரல் நகத்தளவு பிய்த்து என் பக்கம் தள்ளுகிறார். தள்ளிவிட்டு, "போதுமா?" என்று கேட்கிறார். நம் வீட்டுச் சஹனில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை அத்தா.

போன வெள்ளிக்கிழமை, மத்தியான லுஹர் தொழுகை நேரம். வழக்கம்போல ஹாலில் பாயை விரித்து நீல நாற்காலியைப் போட்டேன். என்ன தோன்றியதோ, அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றே தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். முட்டியை மடக்கும்போது மூட்டு சத்தம் போட்டது. பயந்துகொண்டேதான் இறங்கினேன். நெற்றி பாயில் பட்டது. ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, கோரையின் வாசனையே மறந்து போயிருந்தது.

நெற்றி வைக்கும் அந்த சுஜூது அல்லாவுக்கு. அதில் உங்களைச் சேர்க்கவில்லை. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபிறகு நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அன்று உங்கள் தலைமாடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குனிந்தேன். வயிறு இடிக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல வந்த வார்த்தையை அங்கே வைத்துச் சொன்னேன். என்ன வார்த்தை என்று நாலு பேர் கண்ணில் படக்கூடிய கடிதத்தில் எழுத மாட்டேன். உங்களுக்குக் கேட்டிருக்கும்தானே?

பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, யாரும் தூக்கிவிடாமல் எழுந்தேன்.

டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையை ஒருநாளும் விட மாட்டேன், நடையை விட மாட்டேன். வருகிற உங்கள் வருஷ ஃபாத்திஹாவில் எல்லாரோடும் பாயில் உட்கார்ந்து நான் யாசீன் ஓதுவேன். நாளையிலிருந்து என்ற சொல்லை உங்களோடு அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த வீட்டில் இனி அது கிடையாது.

உங்கள் துஆவோடு,
நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து இதை எழுதும்
உங்கள் மூத்த மகள்
மெஹரு